வீடு மாறப் போறீங்களா? முதலில் ஆசிட் பாட்டிலைத் தேடுங்க!



தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். நம் கூட்டமைப்பில் தை பிறந்தால் சில உறுப்பினர்களுக்கு வீடும் பிறக்கிறது. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும், அதற்கு முன்பிருந்தே உள்ள பிரதமர் வீட்டு வசதித் திட்டத்திலும் குடிசையை எடுத்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டியவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறுகிறவர்களும் உண்டு. வீடு மாறுவது என்றால் பாத்திரம் உடையாமல் கட்டுவது, பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் பத்திரமாக எடுத்து வைப்பது, நகையை மடியில் வைத்துக்கொள்வது பற்றியெல்லாம் நாம் நன்றாகப் பேசுகிறோம். கழிப்பறை மூலையில் இருக்கும் சாமான்களைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஃபினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், சோப்புத் தூள், துடைப்பம் எல்லாம் கடைசி நேரத்தில் ஒரே சாக்கில் போய் விழுகின்றன.

"அதுக்கெல்லாமா ஒரு கட்டுரை மேடம்?" என்று ஒரு அக்கா சிரித்தார். கீழே உள்ளதைப் படித்த பிறகு அவரே சொன்னார், "இதை எங்க குழு கூட்டத்துல சத்தமா படிக்கணும்." அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

ஒரு சாக்கில் நடந்தது

புவனகிரி பக்கத்தில் ஒரு கிராமம். ஊர் பெயரும் உறுப்பினர் பெயரும் வேண்டாம். "பேரு போடாதீங்க, ஆனா விஷயத்தை எழுதுங்க" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

பழைய குடிசையைப் பிரித்துவிட்டு வீடு கட்டும் வரை எட்டு மாதம் அந்தக் குடும்பம் தெருக்கோடியில் கொட்டகை போட்டு இருந்தது. வீடு முடிந்தது. மறுநாள் பால் காய்ச்ச வேண்டும். முதல் நாள் சாயங்காலம் ஒரு குட்டி யானை வண்டியை வாடகைக்குப் பிடித்து சாமான்களை ஏற்றினார்கள். குளியலறைச் சாமான் எல்லாம் ஒரு யூரியா சாக்கில். அரை பாக்கெட் பிளீச்சிங் பவுடர், ஃபினாயில், சோப்புத் தூள், பிரஷ். கூடவே ஒரு தண்ணி பாட்டில். டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறையை எடுக்க கொத்தனார் வாங்கி வந்து, மீதி இருந்ததை ஊற்றி வைத்துவிட்டுப் போன ஆசிட் அது. சாக்கு விழாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒன்பது வயது மகளை வண்டியின் பின்னால் உட்கார வைத்தார்கள்.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பாட்டில் மூடி கழன்றுவிட்டது. பிளீச்சிங் பாக்கெட்டின் வாய் ஏற்கெனவே கிழிந்திருந்தது. சாக்கிலிருந்து புகை மாதிரி கிளம்பியது, ஒரே நெடி. பாப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை. எதிரில் வந்த பெரியவர் ஒருவர் கத்தி வண்டியை நிறுத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காற்று வரும் பக்கம் ஓடினார். டிரைவர் ஒரு கம்பால் சாக்கை வயலில் தள்ளினார். 108 வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகும் வெகு நாள் ஓடினால் இருமல் வந்தது. பால் காய்ச்சுவதை அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

அந்த அம்மா எங்களிடம் சொன்னது இதுதான்: "ரெண்டுமே சுத்தம் பண்ற சாமான்தானேன்னு ஒண்ணா போட்டேன்."

நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்போம். அதனால்தான் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது?

பிளீச்சிங் பவுடர் என்பது குளோரினைச் சுண்ணாம்போடு சேர்த்துச் செய்த தூள். நல்ல புதுத் தூளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 30 கிராமுக்கு மேல் வேலை செய்யும் குளோரின் இருக்கும். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து கிருமியைக் கொல்வது அதுதான். ஆசிட் அதன் மேல் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வராது. அடைபட்ட குளோரின் ஒரே நேரத்தில் வாயுவாகக் கிளம்பிவிடும். கடையில் கம்பெனி பெயர் போட்டு விற்கும் கழிப்பறை திரவங்கள் பலவற்றிலும் இருப்பது அதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட்தான், அளவு மட்டும் குறைவு. ஆகவே "நான் ஆசிட் வாங்குறதில்ல, பாட்டில் மருந்துதான்" என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

இந்த வாயு சாதாரணமானதல்ல. முதல் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியம் நாட்டில் எதிரிப் படையைக் கொல்லத் திறந்துவிட்டது இதே குளோரின் வாயுவைத்தான். நம் சாக்கில் உண்டாவது கொஞ்சம்தான் என்றாலும், கதவடைத்த குளியலறையிலோ தார்ப்பாய் போட்டு மூடிய வண்டியிலோ அந்தக் கொஞ்சமே போதும். இந்த வாயு காற்றை விட இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாமல் கீழே தங்கும். அதனால் பெரியவர்களை விட, தரையோடு விளையாடும் பிள்ளைகளைத்தான் முதலில் தாக்கும்.

பிளீச்சிங் பவுடருக்கு ஆகாதவை இன்னும் உண்டு. எண்ணெய், தின்னர், மண்ணெண்ணெய் பட்டால் சூடாகித் தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. மாட்டுக் கொட்டகையில் மூத்திரம் தேங்கிய இடத்தில் நேராகக் கொட்டினால் மூக்கையும் கண்ணையும் எரிக்கும். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும்.

குடிசையில் இல்லாத சாமான்

நம் அம்மா காலத்தில் குடிசையைச் சுத்தம் செய்ய என்ன இருந்தது? துடைப்பம், சாணம், அடுப்புச் சாம்பல், புளி, தேங்காய் நார். எந்தப் பிள்ளை எதைத் தொட்டாலும் பயமில்லை. டைல்ஸ் தரையும் கழிப்பறையும் உள்ள புது வீட்டுக்குப் போகும்போதுதான் ஆசிட்டும் பவுடரும் ஃபினாயிலும் வீட்டுக்குள் வருகின்றன. வீட்டு வேலை முடியும்போது கொத்தனார் ஆசிட்டை விட்டுப் போகிறார். பெயிண்டர் தின்னரை விட்டுப் போகிறார். இரண்டும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். இரண்டும் இருப்பது பெரும்பாலும் தண்ணி பாட்டிலிலோ கூல் டிரிங்ஸ் பாட்டிலிலோதான்.

வெயிலில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவர் தாகத்துக்கு எந்த பாட்டிலை எடுப்பார்? முன்னால் இருப்பதைத்தான். வீடு மாறும் நாளில் எந்தச் சாமானும் அதன் இடத்தில் இருக்காது. மற்ற நாளில் "அது ஆசிட்" என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு உதவிக்கு வந்த கொழுந்தனாருக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் தெரியாது.

ஆகவே முதல் வேலை: கட்ட ஆரம்பிப்பதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டையும் கொட்டகையையும் சுற்றி வந்து, ஒட்டுச்சீட்டு இல்லாத பாட்டில்களை எல்லாம் தேடி எடுங்கள். கொத்தனாருடையதைக் கொத்தனாரிடமும் பெயிண்டருடையதைப் பெயிண்டரிடமும் திருப்பிக் கொடுங்கள். "நீங்களே வச்சுக்குங்க அக்கா" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னவென்று தெரியாத பாட்டிலை முகர்ந்து பார்க்காதீர்கள்.

ஒரு சட்ட விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். பெண்கள் மேல் ஆசிட் வீசும் கொடுமை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று உத்தரவு போட்டது. வாங்குகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் கடையில் ஆசிட் விற்கக் கூடாது. 18 வயது ஆகாதவருக்கு விற்கவே கூடாது. பிள்ளைகளை அனுப்பி ஆசிட் வாங்கி வரச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்.

கட்டும் முறை: இரண்டு வாளி, ஒரு டப்பா

இதற்காகப் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். வாளியும் எப்படியும் புது வீட்டுக்கு வரத்தான் போகிறது.

1. சோப்பு வாளி: சோப்புத் தூள், துணி சோப்பு, பாத்திர சோப்பு, சலவை சோடா, தேங்காய் நார், துடைக்கும் துணி. ஈர சோப்பை ஒரு நாள் காய வைத்துப் போடுங்கள். சொட்டு நீலம் பாட்டிலைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள். அது கவிழ்ந்து வெள்ளை வேட்டி நீல வேட்டியான வீடு நமக்குத் தெரியும்!

2. பாட்டில் வாளி: ஃபினாயில், கழிப்பறை திரவம், வேறு வழியில்லாமல் கொண்டு போக வேண்டிய ஆசிட். வாளியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல் போடுங்கள். வீடு கட்டிய இடத்தில் மணலுக்குப் பஞ்சம் இருக்காது. பாட்டில்களை மணலில் புதைத்து நேராக நிறுத்துங்கள். ஒவ்வொரு மூடியையும் கழற்றி, பாட்டில் வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் வைத்து, இறுக்கி மூடி, மேலே சணல் கயிறு கட்டுங்கள். படுக்கப் போடவே கூடாது.

3. பிளீச்சிங் டப்பா: பிளீச்சிங் பவுடர் தனியே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், நன்றாகக் காய்ந்த டப்பாவில், இறுக்கமான மூடியோடு போக வேண்டும். தகர டப்பா வேண்டாம், அரித்துவிடும். டப்பாவைப் பாட்டில் வாளியில் வைக்காதீர்கள். வண்டியின் ஒரு கோடியில் வாளி என்றால் மறு கோடியில் டப்பா.

துடைப்பம், ஒட்டடைக் குச்சி, மாப்பு எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டிவிடலாம். சில குடும்பங்களில் பழைய துடைப்பத்தைப் புது வீட்டுக்குக் கொண்டு போகமாட்டார்கள். அது அவரவர் வழக்கம். பழைய துடைப்பத்தில் கரப்பான் முட்டையும் தூசியும் கூடவே வரும் என்பதால் தேய்ந்ததை விட்டுவிட்டுப் போவது நல்லதுதான்.

எழுதி ஒட்டுங்கள்: ஒவ்வொரு பாட்டிலிலும் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் சிவப்புத் துணி கட்டுங்கள். சிவப்புத் துணி கட்டியதைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்று ஒரு வாரம் முன்பிருந்தே சொல்லிப் பழக்குங்கள். தண்ணி பாட்டிலில் மருந்து ஊற்றி, மேலே எழுதி ஒட்டினால் போதாதா என்று கேட்காதீர்கள். தாகத்தில் இருப்பவர் எழுத்துக் கூட்டிப் படிக்கமாட்டார். கடையில் வந்த பாட்டிலிலேயே இருக்க வேண்டும்.

ஏற்றும்போதும் இறக்கும்போதும்

சுத்தம் செய்யும் சாமான் கடைசியில் ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டும். பழைய வீட்டைக் கூட்டி, கழுவி, வாடகை வீடு என்றால் சொந்தக்காரரிடம் காட்டி அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கிளம்ப துடைப்பமும் வாளியும் கடைசி வரை தேவை. புது வீட்டில் சிமென்ட் தூசியைத் துடைக்காமல் மூட்டையைப் பிரிக்க முடியாது. அங்கேயும் முதலில் தேவை அதுதான்.

• பாட்டில் வாளியும் பிளீச்சிங் டப்பாவும் இருக்கும் வண்டியின் பின்னால் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். சாமான் வண்டியில் ஆள் ஏறுவதே ஆபத்து.

• அரிசி மூட்டை, மளிகைச் சாமான், மாவு டப்பா பக்கத்தில் ஃபினாயில் வேண்டாம். அரிசி வாசனையை இழுத்துக்கொள்ளும். ரேஷன் அரிசி ஃபினாயில் வாசம் அடித்தால் பிறகு அதை என்ன செய்வது?

• எவர்சில்வர் பாத்திரம், தையல் மிஷின், கேஸ் அடுப்பு பக்கத்தில் ஆசிட்டோ பிளீச்சிங்கோ வேண்டாம். இரண்டின் நெடியும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

• பஸ்ஸில் நாலு நடையாகச் சாமான் கொண்டு போகிற உறுப்பினர்கள் ஆசிட்டை எடுத்துப் போகவே வேண்டாம். கூட்டத்தில் கவிழ்ந்தால் எத்தனை பேருக்குக் காயம் என்று யோசியுங்கள்.

கொட்டகையில் மாதக்கணக்கில் இருக்கும்போது

வீடு கட்டி முடிய ஆறு மாதம், எட்டு மாதம் ஆகிறது. அதுவரை எல்லாம் கொட்டகையில்தான். தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. பிளீச்சிங் பவுடருக்குப் பிடிக்காதவை நான்கு: ஈரம், வெயில், சூடு, திறந்த காற்று. கொட்டகையில் இந்த நான்குமே உண்டு.

இதில் ஒரு மறைவான ஆபத்து இருக்கிறது. கெட்டுப்போன பிளீச்சிங் பவுடர் பார்க்கப் பவுடர் மாதிரியேதான் இருக்கும். ஆனால் குளோரின் எல்லாம் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிச்சம். அதைத் தொட்டியில் போட்டுவிட்டு "மருந்து போட்டாச்சு" என்று தைரியமாகக் குடித்தால் வயிற்றுப்போக்கு வரும். கட்டி கட்டியாக ஆகி, பிசுபிசுத்து, மூக்கில் ஏறும் வாசனை இல்லாமல் போன பவுடரைக் குடிதண்ணீருக்குப் போடாதீர்கள். மிச்சம் பிடிக்க நினைத்து ஆறு மாதப் பழையதைப் புது வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாம். தேவைப்படும்போது சிறிய பாக்கெட்டாகப் புதிதாக வாங்குங்கள்.

புது வீட்டுத் தொட்டிக்கு எவ்வளவு போடுவது என்று பல பேர் கேட்கிறார்கள். நல்ல பவுடர் என்றால் 1,000 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 2.5 கிராம், அதாவது சுமார் அரை தேக்கரண்டி. நேராகத் தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் மக்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, இன்னும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்கள். மேலே உள்ள தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அடியில் உள்ள சுண்ணாம்பை விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

துணி மூட்டைக்குப் பாச்சை உருண்டை போடும் வழக்கம் உண்டு. கைக்குழந்தையின் துணி, போர்வை, ஏணைத் துணி உள்ள மூட்டையில் போடாதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்னும் சத்து ரத்தத்தில் குறைவாக இருக்கும். அவர்களுக்கு அந்த உருண்டையின் நெடியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டு விடலாம். காய்ந்த வேப்பிலையோ நொச்சியோ போதும். பாச்சை உருண்டை பிள்ளைகள் கண்ணுக்கு மிட்டாய் மாதிரி இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புது வீட்டில் எங்கே வைப்பது?

தரையிலும் சமையல் மேடைக்குக் கீழேயும் வைத்தால் தவழும் பிள்ளைக்கு எட்டும். பரணில் வைத்தால் எடுக்கும்போது நம் முகத்தில் கவிழும். ஆகவே நம் மார்புக்கு மேலே, கண்ணுக்குக் கீழே ஒரு பலகை. அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் இருந்தால் நல்லது, பூட்டு இருந்தால் இன்னும் நல்லது. கொத்தனார் வேலை செய்யும்போதே சொன்னால் ஒரு சின்ன அலமாரி கட்டித் தந்துவிடுவார். பிளீச்சிங் டப்பா அந்த அலமாரியில் வேண்டாம். அதற்கு வேறு அறையில், ஈரமில்லாத, பிள்ளைகளுக்கு எட்டாத இடம்.

இன்னொரு முக்கியமான விஷயம். உங்கள் கழிப்பறை இரட்டைக் குழி உள்ளதா? அப்படியானால் ஆசிட்டே தேவையில்லை. குழிக்குள் மலத்தை உரமாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். ஆசிட்டும் ஃபினாயிலும் அவற்றைக் கொன்றுவிடும். பிறகு குழி சீக்கிரம் நிரம்பி நாற்றமெடுக்கும். பீங்கானைத் தினமும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷால் தேய்த்தால் கறை பிடிக்காது. டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்டையும் ஆசிட் அரிக்கும். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிய வீட்டை நாமே அரிக்க வைக்க வேண்டுமா?

புயல் மழையில் அவசரமாகக் கிளம்பினால்

எல்லா வீடு மாற்றமும் தை மாதம் பார்த்து நடப்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரக் குடும்பங்கள் முகாமுக்கும், தற்காலிகக் கொட்டகைக்கும், பிறகு நிரந்தர வீட்டுக்கும் என்று திரும்பத் திரும்ப இடம் மாறின. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை ஆற்று வெள்ளம் என்று கடலூர் மாவட்டத்துக்குப் பழகிவிட்டது. கொள்ளிடக் கரை ஊர்களிலும் ஆற்றில் தண்ணீர் அதிகம் வந்தால் இதே கதைதான்.

அப்போது வாளியும் மணலும் தேட நேரம் இருக்காது. இரண்டு மட்டும் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடரை உயரமான ஒரு இடத்தில் வையுங்கள், ஆசிட்டை வேறு ஒரு உயரமான இடத்தில் வையுங்கள். முகாமுக்கு இரண்டையும் எடுத்துப் போக வேண்டாம். வெள்ளம் வடிந்து திரும்பும்போது பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் உடனே நுழையாதீர்கள். கதவு, சன்னலைத் திறந்து காற்று போக விட்டு, நெடி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் வெளியே இருக்கட்டும். நனைந்துபோன பிளீச்சிங் பாக்கெட்டை நம்பித் தண்ணீருக்குப் போட வேண்டாம். பஞ்சாயத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ புதிதாகக் கேளுங்கள்.

தவறிப்போய் நடந்துவிட்டால்

நெடி ஏறினால்: பாதிக்கப்பட்டவரைக் காற்று வரும் பக்கம், மேடான இடத்துக்குக் கொண்டு போங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். கண் எரிந்தால் நல்ல தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள். கொட்டியதைக் கழுவுகிறேன் என்று நீங்கள் அந்த இடத்துக்குள் போகாதீர்கள்.

மேலே பட்டால்: நனைந்த துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். பற்பசை, மை, எண்ணெய், மஞ்சள் எதையும் தடவாதீர்கள்.

குடித்துவிட்டால்: வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. நம் ஊரில் புளித் தண்ணி, உப்புத் தண்ணி, சாணித் தண்ணி ஊற்றுவார்கள். ஆசிட் இறங்கும்போது ஒரு தடவை தொண்டையைச் சுடும், வாந்தியில் ஏறும்போது மறுபடி சுடும். ஃபினாயிலும் தின்னரும் வாந்தி வழியாக நுரையீரலுக்குள் போய்விடும். வாயை மட்டும் கொப்பளிக்க வைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்த பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன குடித்தார் என்று டாக்டருக்குத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம். சிதம்பரம் பக்கம் உள்ளவர்களுக்கு அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், கடலூர் பக்கம் உள்ளவர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையும் இருக்கின்றன.

ஃபினாயில், சோப் ஆயில் தயாரிக்கும் குழுக்களுக்கு

நம் குழுக்களில் சிலர் இவற்றைத் தயாரித்து விற்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் வாங்குகிற அக்கா வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. பழைய தண்ணி பாட்டிலிலும் கூல் டிரிங்ஸ் பாட்டிலிலும் அடைத்து விற்காதீர்கள். பொருளின் பெயர், தயாரித்த தேதி, "பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும்" என்ற வரி மூன்றும் ஒட்டுச்சீட்டில் இருக்கட்டும். வெள்ளை ஃபினாயிலுக்கான பைன் ஆயில் தீப்பிடிக்கக் கூடியது. குழு சரக்கு வைத்திருக்கும் உறுப்பினர் வீடு மாறினால், சரக்கை அடுப்பில்லாத வேறு உறுப்பினர் வீட்டு அறைக்கு முன்கூட்டியே மாற்றி, யார் பொறுப்பு என்று தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

1. இந்தக் கட்டுரையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாகப் படிக்கவும்.

2. இந்த மாதமும் அடுத்த மாதமும் வீடு மாறப் போகிறவர்கள் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளவும்.

3. கட்டும் நாளுக்கு முன்னால் குழுவிலிருந்து இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய்ப் பாட்டில்களைத் தேட உதவவும். மொய் வைப்பதற்கு முன்னால் செய்யும் உதவி இது!

4. ஒவ்வொரு உறுப்பினரும் தன் வீட்டில் தண்ணி பாட்டிலில் இருக்கும் மருந்து ஒன்றாவது உண்டா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லவும். உண்டு என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். நாங்கள் இதை எழுத ஆரம்பித்த அன்று எங்கள் அலுவலகக் கழிப்பறையிலேயே அப்படி ஒரு பாட்டில் இருந்தது.

புவனகிரி பாப்பா இப்போது நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். அவள் அம்மா புது வீட்டில் ஆசிட் வாங்குவதை விட்டுவிட்டார். பிரஷும் சோப்புத் தண்ணீரும்தான். "கறை கொஞ்சம் இருந்தா இருந்துட்டுப் போவுது மேடம், புள்ள இருக்கா" என்றார்.

வீடு மாறப் போகும் சகோதரிகள் அனைவருக்கும் எங்கள் வாழ்த்துகள். ஆசிட் ஒரு பக்கம், பிளீச்சிங் மறு பக்கம். பிள்ளைகள் நம் பக்கம்.